கரண்டி மூழ்கும், கிண்ணம் மிதக்கும்

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பகுதியில் உள்ள ஒரு பகல்நேர மையத்தில் சிறப்பாசிரியையாகப் பணிபுரிகிறேன். ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரை பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஆறு பேருக்கு அறிவுசார் குறைபாடு, மூவருக்கு ஆட்டிசம், ஒரு சிறுமிக்குக் காது கேட்காது, பெரிய பையன் ஒருவனுக்குப் பார்வை மிகக் குறைவு. நான் இயற்பியல் படித்தது பத்தாம் வகுப்போடு சரி. சென்ற மாதம் ‘கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்’ என்று நடத்தினேன். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டிலிருந்து வரும் ஒன்பது வயதுப் பையன், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதே அரிதானவன், என்னைப் பார்த்து ‘போட்டு?’ என்று மட்டும் கேட்டான், படகைத்தான் சொன்னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ‘பேர் எழுதக் கத்துக் குடுங்க மேடம், அது போதும்’ என்கிறார்கள் பெற்றோர். இந்தப் பிள்ளைகளுக்கு இயற்பியல் தேவைதானா? தேவையென்றால், ஆய்வகம் இல்லாத இடத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளை விட அந்தப் பையன் கேட்ட கேள்வி பெரியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு விதியைக் கேட்டு, தான் தினமும் பார்க்கும் ஒன்றோடு அதை வைத்துப் பார்த்து, இரண்டும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, அதை ஆசிரியரிடம் ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறான். மேல்நிலை வகுப்புகளில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்திவிட்டுச் சிறப்புக் கல்விப் பக்கம் வந்தவன் நான். விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விதி தவறு என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆம், விதிதான் தவறு. கடலூர் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகு பல டன் எடை உள்ளது, மிதக்கிறது. அதிலிருந்து தவறி விழும் ஒரு ஆணி சில கிராம்தான், மூழ்குகிறது. நான்கு கிலோ தர்பூசணி மிதக்கும், ஒரு திராட்சைப் பழம் மூழ்கும். எடையை மட்டும் வைத்து மிதப்பதையும் மூழ்குவதையும் சொல்லிவிட முடியாது. நீங்கள் சொன்ன வாக்கியம் உங்களுடைய தனிப்பட்ட பிழை அல்ல. பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு எளிமைப்படுத்தும்போது நம்மில் பலர் சறுக்கும் இடம் அது. சிறப்புக் குழந்தைகளுக்கு நடத்தும்போது சொற்களைக் குறைக்கலாம், பொருள்களைக் குறைக்கலாம், ஒரு பாடத்தைப் பத்து நாளாகப் பிரிக்கலாம், ஆனால் நாம் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் குறைக்கக்கூடாது. மற்றப் பிள்ளைகளாவது ஆறாம் வகுப்பில் கற்ற தவறை எட்டாம் வகுப்பில் திருத்திக்கொள்வார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை ஒன்றைக் கற்க நாற்பது முறை முயல்கிறது என்றால், அதை மறந்து வேறொன்றைக் கற்க இன்னொரு நாற்பது முறை நாம் கேட்கிறோம். அந்த உழைப்பைப் பொய்யான வாக்கியத்தில் செலவழிக்க வைப்பது நியாயமில்லை.

உண்மையான வாக்கியம் இன்னும் சிறியது: ‘தண்ணீர் தள்ளும்.’ இதைச் சொல்வதற்கு முன் பிள்ளைகளின் கை இதை அறியவேண்டும். பெரிய அன்னக்கூடையிலோ பிளாஸ்டிக் டப்பிலோ முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, ஒரு சிறிய பிளாஸ்டிக் குடத்தை வெறுமையாக, வாய் மேலே இருக்கும்படி, தண்ணீருக்குள் அழுத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் எதிர்க்கும், ஆழமாக அழுத்த அழுத்தக் கூடுதலாக எதிர்க்கும், கையை எடுத்தால் குடம் துள்ளி மேலே வரும். பேச்சில்லாத பிள்ளைக்கும் பார்வையில்லாத பிள்ளைக்கும் இந்த அனுபவம் ஒன்றேதான். பாடப்புத்தகம் மிதப்பு விசை என்று சொல்வது இதைத்தான். பெயர் பிறகு வரட்டும்.

உங்களுக்கு மட்டும் ஒரு விளக்கம். பொருள் தண்ணீருக்குள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதோ அந்த இடத்தில் முன்பு இருந்த தண்ணீரின் எடை எவ்வளவோ, அந்த அளவுக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. ஆர்க்கிமிடிஸ் இதைச் சொல்லி இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு லிட்டர் இடம் பிடித்தால் ஒரு கிலோ அளவுக்குத் தள்ளும். இரும்புக் கட்டி சிறிய இடத்தைப் பிடிக்கிறது, ஆகவே அதன் எடையைத் தாங்கும் அளவுக்குத் தள்ளல் கிடைப்பதில்லை. அதே இரும்பைத் தட்டிப் படகாக வளைத்தால், உள்ளே இருக்கும் காலி இடத்தையும் சேர்த்து அது பெரிய இடத்தைப் பிடிக்கிறது, அதற்கேற்பத் தள்ளலும் கூடுகிறது. பையனுக்கு நீங்கள் சொல்லவேண்டிய பதில் இது. ஆனால் இந்தச் சொற்களில் அல்ல, ஒரு கிண்ணத்தையும் ஒரு ஸ்பூனையும் கொண்டு.

என் வீட்டு அடுக்களையில் இருக்கும் ஓர் எவர்சில்வர் கிண்ணம் 80 கிராம், அதே எவர்சில்வரில் செய்த ஸ்பூன் 20 கிராம். முதலில் இரண்டையும் பிள்ளையின் இரு கைகளில் கொடுத்து எது கனம் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஸ்பூனைத் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். அது அடியில் போய் ‘டங்’ என்று உட்காரும். கிண்ணத்தை மெல்ல வைக்கச் சொல்லுங்கள். அது ஆடிக்கொண்டு நிற்கும். கனமானது மிதக்கிறது, லேசானது மூழ்கிவிட்டது. இந்த இடத்தில் நீங்கள் எதுவும் பேசாமல் இருப்பது முக்கியம். வகுப்பறையில் ஆசிரியர்கள் அவசரப்பட்டுக் கெடுக்கும் நிமிடம் இதுதான், நானும் பலமுறை கெடுத்திருக்கிறேன். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பிள்ளை ஸ்பூனை எடுத்து மறுபடி போடும், இன்னொன்று கிண்ணத்தைக் கவிழ்க்கும், தண்ணீர் புகுந்து கிண்ணமும் மூழ்கும். அப்போது பாடம் பாதி நடந்துவிட்டது.

மறுநாள் அதே கிண்ணத்தில் கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக வைக்கலாம். ஒவ்வொரு கோலிக்கும் கிண்ணம் ஒரு நூலளவு இறங்குவதை, வெளிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள். என் கிண்ணம் விளிம்புவரை அமிழ்ந்தால் ஒதுக்கும் நீர் ஏறத்தாழ 200 கிராம். கிண்ணத்தின் எடை 80 கழிந்தால் 120 மிச்சம், ஒரு கோலி 5 கிராம் என்றால் 24 கோலி கணக்கு. நடைமுறையில் கிண்ணம் ஒருபக்கம் சாய்ந்துவிடுவதால் ஒன்றிரண்டு முன்னதாகவே மூழ்கிவிடும். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதல்ல. பாரத்தை ஒரு பக்கமாக ஏற்றக்கூடாது என்பது அவன் வீட்டில் புழங்கும் அறிவு. கோலிகளை நடுவில் வைக்கவேண்டும் என்று அவனே உங்களுக்குக் காட்டினால் வியப்பில்லை.

களிமண்ணிலும் இதைச் செய்யலாம். ஆற்றுக் களிமண் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் கடையில் விற்கும் வண்ணக் களிமண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உருண்டை மூழ்கும். அதே உருண்டையைக் கிண்ணமாகப் பிசைந்தால் மிதக்கும். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்பது பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. முட்டையும் உப்பும் வைத்துச் செய்யும் சோதனையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கடல் பக்கத்தில் இருக்கிறதே, கடல்நீரையே ஒரு குடம் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணவேண்டாம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு, புதிய முட்டை அதிலும் மூழ்கிவிடும். லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் உப்பைக் கரைத்தால்தான் அது மேலே வரும். வகுப்பில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முட்டை அடியிலேயே கிடந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடலூரில் இந்தப் பாடத்தை நடத்தினால் இன்னொரு கேள்வியும் வரக்கூடும். கல்லோடு கட்டிக் கடலில் இட்டும் அடியவர் ஒருவர் மிதந்து கரையேறிய கதை திருப்பாதிரிப்புலியூர்க் கதை, கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப் பெயரே உண்டு. ‘கல் மிதந்துச்சே?’ என்று பாட்டியிடம் கதை கேட்ட பிள்ளை கேட்டால், அது சாமி கதை, இது தொட்டியில் நாம் போடும் கல் என்று இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் காட்டுங்கள். வாதம் வேண்டாம். கல்லை ஒரு ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினால், நீண்டிருந்த ரப்பர் சற்றுச் சுருங்கும். மூழ்கும் கல்லையும் தண்ணீர் தள்ளத்தான் செய்கிறது, போதுமான அளவுக்குத் தள்ளவில்லை, அவ்வளவுதான்.

பொருளைத் தண்ணீரில் விடுவதற்கு முன் ‘மிதக்குமா, மூழ்குமா?’ என்று கேட்பது இந்தப் பாடத்தின் உயிர். பேசாத பிள்ளைக்கு மேல்நோக்கிய அம்பு ஒன்று, கீழ்நோக்கிய அம்பு ஒன்று என இரண்டு அட்டைகள் போதும். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஊகித்துத் தவறிப்போவது தாங்கமுடியாத வேதனையாக இருக்கும், அட்டையைத் தொடவே மாட்டார்கள். அதற்கு நான் கையாளும் வழி, ஊகிக்கும் வேலையை ஒரு பொம்மைக்குக் கொடுத்துவிடுவது. ‘இந்தப் பொம்மை தேங்காய் மூழ்கும் என்கிறது, பார்ப்போமா?’ மட்டையோடு கூடிய தேங்காய் மிதக்கும். தவறியது பொம்மை, பிள்ளை அல்ல. பொம்மையைத் திருத்தும் உற்சாகத்தில் பிள்ளைகள் தாமாகவே ஊகிக்கத் தொடங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம், இருபது நிமிடத்துக்கு மேலும் வேண்டாம். என்ன நடக்கப்போகிறது என்பதை நான்கு படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டிவிட்டு, அதே வரிசையில் நடத்துங்கள். வாரம் முழுவதும் அதே நீலத் தொட்டியில் சரியாகச் சொன்ன பிள்ளை, பச்சை பக்கெட்டைக் கண்டதும் ஒன்றும் தெரியாததுபோல நிற்கலாம். மறந்துவிட்டதென்று எண்ணவேண்டாம், கற்றது அந்தத் தொட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தொட்டியை மாற்றும் நாளில் பொருளை மாற்றாதீர்கள், பொருளை மாற்றும் நாளில் தொட்டியை மாற்றாதீர்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறப்புக் கல்விக்கு வந்த புதிதில், காற்று தள்ளும் என்பதைக் காட்டப் பலூனை ஊதிக்கொண்டே போனேன். அது வெடித்தது. பெரிய வகுப்புகளில் அந்தச் சத்தத்துக்குச் சிரிப்பலை எழும். இங்கே ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தான், அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் என் அறை வாசலைத் தாண்ட மறுத்தான். ஒலி, ஒளி, ஈரம் ஆகியவற்றில் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பதைப் பெற்றோரிடம் கேட்காமல் எந்தச் சோதனையையும் தொடங்கக்கூடாது என்பதை அவன் எனக்குக் கற்பித்தான். வலிப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால், விட்டுவிட்டு மின்னும் விளக்குகளை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள்.

காது கேளாத சிறுமிக்கு ஒலிப் பாடம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பாடத்தில் அவளை ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன். ஒலி என்பது அதிர்வு. மற்றவர்கள் காதால் கேட்டுவிட்டு நம்புகிறார்கள், அவள் விரலால் நேராகவே அறிவாள். ஒரு வாய் அகன்ற டப்பாவின் மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, நான்கு கல் உப்பைப் போட்டு, அருகில் ஒரு தாம்பாளத்தைத் தட்டினால் உப்பு துள்ளும். கோயில் மணியை அடித்த கையோடு அவள் விரல்களை மணியின் விளிம்பில் மெல்ல வையுங்கள். நடுக்கம் தெரியும். அழுத்திப் பிடித்தால் நடுக்கமும் நிற்கும், மற்றவர்களுக்குக் கேட்கும் ஒலியும் நிற்கும். ‘ஒலி நின்றுவிட்டதா?’ என்று அன்று வகுப்புக்கு அறிவிக்கும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள்.

பார்வை குறைந்த பெரிய பையனுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் எனக்கே இன்றுவரை சலிப்பதில்லை. உறுதியான நூலில் ஐந்து இரும்பு நட்டுகளைக் கட்டுங்கள்: ஒன்று நூலின் அடிமுனையில், மற்றவை அங்கிருந்து 40, 80, 120, 160 சென்டிமீட்டரில். தரையில் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, அடி நட்டு அதைத் தொடும்படி நூலை நேராகத் தூக்கிப் பிடித்து விட்டுவிடுங்கள். இடைவெளிகள் சமம்தான், ஆனால் ஓசைகள் போகப்போக நெருங்கி விழும். விழும் பொருள் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பதைக் காது சொல்லிவிடுகிறது. இப்போது இன்னொரு நூலில் 10, 40, 90, 160 சென்டிமீட்டரில் கட்டுங்கள். ஓசைகள் தாளம் தட்டியதுபோல, விநாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இடைவெளியில், சீராக விழும். விழும் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கலிலியோ நானூறு ஆண்டுகளுக்கு முன் கண்டது இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது: ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு. பையன் இரண்டு நூல்களையும் விரலால் தடவி இடைவெளிகளை அறிந்த பிறகு விடச் சொல்லுங்கள். பார்வையுள்ள பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும், ஏனென்றால் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே வேகத்தில் விழுவதாகத்தான் தோன்றும்.

வேறு சில வாக்கியங்களையும் கவனமாகத் தவிர்த்துவிடுங்கள். ‘காந்தம் உலோகத்தை இழுக்கும்’ என்பது தவறு. செம்பு, பித்தளை, அலுமினியம் ஒட்டாது, எவர்சில்வரில் சில பாத்திரங்கள் ஒட்டும், சில ஒட்டாது. ‘ஒட்டுவது எது, ஒட்டாதது எது என்று பார்ப்போம்’ என்று தொடங்கினால் பிழைக்கு இடமில்லை. ‘கனமானது வேகமாக விழும்’ என்பதும் அப்படியே. ஒரு தாளையும், அதேபோன்ற தாளைக் கசக்கிய உருண்டையையும் ஒன்றாக விட்டுப் பாருங்கள்.

தேவைதானா என்ற கேள்விக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்பப் பாடத்திட்டத்தையும் தேர்வுமுறையையும் மாற்றியமைக்கவேண்டும் என்கிறது. மாற்றியமைப்பது என்பது நீக்கிவிடுவது அல்ல. ஆனால் பெற்றோரிடம் சட்டத்தைப் பேசாதீர்கள், கதவைக் காட்டுங்கள். கதவின் கீல் அருகே கையை வைத்துத் தள்ளி, திறக்கமுடியாமல் அழுகிற பிள்ளைக்கு, கைப்பிடி அருகே தள்ளினால் ஒரு விரலே போதும் என்று தெரிவது நெம்புகோல் பாடம். ஈரத் தரையில் காலை ஊன்றி நடப்பது உராய்வுப் பாடம். கொதிக்கும் பாத்திரத்தின் பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இருப்பது ஏன், எவர்சில்வர் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு எடுத்தால் சுடுவது ஏன் என்பது வெப்பப் பாடம். பெயர் எழுதக் கற்பதோடு இவற்றுக்கு எந்தப் பகையும் இல்லை. தான் மிதக்கவிட்ட படகின் மேல் ஒட்டுவதற்காகத் தன் பெயரை எழுதும் பிள்ளை, கோடு போட்ட நோட்டில் எழுதுவதை விட விரும்பி எழுதும்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று செய்திகளை மட்டும் வலியுறுத்துகிறேன். பொத்தான் அளவுள்ள சிறு காந்தங்களை மையத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். வாயில் போட்டுப் பார்க்கும் பிள்ளை இருந்தால் கோலிக்குண்டும் நட்டும்கூட வேண்டாம், கோலிக்குப் பதில் நான்கு விரல் சேர்த்தால்தான் பிடிக்கமுடியும் அளவிலான கூழாங்கற்கள் போதும். தண்ணீர்த் தொட்டியைப் பாடம் முடிந்த உடனே கவிழ்த்துவிடுங்கள், பிள்ளைகள் இருக்கும் அறையில் நிரம்பிய தொட்டியை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட அகலாதீர்கள்.

தேர்வு வைக்கத் தோன்றினால் ‘விசை என்றால் என்ன?’ என்று கேட்காதீர்கள். அதுவரை வகுப்பில் காட்டாத ஒரு பொருளைக் கொடுத்து, எந்த அட்டையைத் தொடுகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, பொருள், பிள்ளையின் ஊகம், நடந்தது, நீங்கள் கைபிடித்து உதவினீர்களா, சைகை மட்டும் காட்டினீர்களா, தானாகவே செய்ததா என்று ஒரு வரி எழுதி வந்தால், மூன்று மாதத்தில் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதுவதற்கும் அந்த வரிகள் உதவும்.

திங்கட்கிழமை அந்தப் பையனிடம் முதலில், ‘நீ கேட்டது சரி, மேடம் சொன்னது தப்பு’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, கிண்ணத்தை அவன் கையில் கொடுங்கள். உங்கள் கிண்ணம் எத்தனை கல் தாங்கியது என்பதையும், அவன் அவற்றை எங்கே வைத்தான் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.